அம்மாவுக்கும் ராத்திரி ஷிப்ட்

கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டத்தில் தங்கவயல் இருக்கிறது. கோலார் தங்கவயல் என்பது முழுப் பெயர். கே.ஜி.எஃப். என்றும் சொல்வார்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். அந்த ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் பகல் ஏது? இரவு ஏது? ஷிப்ட் ஷிப்டாக வேலை நடந்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் காலையில் வீடு திரும்புவார். குளிப்பார். சாப்பிடுவார். படுத்துவிடுவார். லைன் வீடு சிறிய வீடு. ஒரு மூலையில் பேசினால் மறு மூலையில் கேட்கும். "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறாரு" என்று பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். ராத்திரி உழைத்தவருக்குப் பகலில் தூக்கம் வேண்டும். இந்த நியாயம் தங்கவயலில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தின் ராத்திரி ஷிப்டும் அன்றோடு முடிந்தது.

ஆனால் வீட்டுக்குள் ஒரு ராத்திரி ஷிப்ட் இன்றும் நடக்கிறது. பால் குடிக்கும் குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் நடக்கிறது. 10 மணிக்குக் குழந்தை எழுகிறது. 12 மணிக்கு எழுகிறது. 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுகிறது. ஒவ்வொரு முறையும் தாய் எழுகிறாள். விடிந்த பிறகு அவள் தூங்க முடிகிறதா? தண்ணீர் பிடிக்க வேண்டும். சோறு ஆக்க வேண்டும். ரயிலுக்குப் போகிறவருக்கு டிபன் கட்ட வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்த பகல் தூக்கம் இவளுக்குக் கிடைப்பதில்லை.

குழந்தை இரவில் ஏன் எழுகிறது? அது நோயா? தாய்க்குப் பால் போதவில்லையா? தாய் எப்போது தூங்குவது? இவற்றைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

குழந்தை ஏன் எழுகிறது?

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் தூங்கும். ஆனால் ஒரே மூச்சாகத் தூங்காது. துண்டு துண்டாகத் தூங்கும். இரண்டு மணி, மூன்று மணிக்கு ஒரு முறை விழிக்கும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வயிறு. குழந்தையின் வயிறு மிகச் சிறியது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிப் பாலே போதும். நாளாக நாளாகத்தான் வயிறு பெரிதாகும்.

இரண்டாவது காரணம் தாய்ப்பால் எளிதில் செரிக்கும். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் வயிறு காலியாகிவிடும். மாட்டுப்பாலும் பவுடர் பாலும் மெதுவாகச் செரிக்கும். அதனால் வயிறு கனத்துக் கிடக்கும். அது நல்லது என்று நினைக்கக் கூடாது. சீக்கிரம் செரிப்பது தாய்ப்பாலின் குணம். குறை அல்ல.

மூன்றாவது காரணம் குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. தாயின் வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றுதான். வெளியே வந்த பிறகு, ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்போதுதான் இரவு வேறு, பகல் வேறு என்று அதன் உடம்புக்குப் பிடிபடும்.

இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. துணி ஈரமாகியிருக்கலாம். கொசு கடித்திருக்கலாம். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேலே 800 மீட்டரைத் தாண்டிய மேட்டு நிலம். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் அதிகம். குழந்தைக்குக் குளிரலாம். காற்றடி காலத்தில் சயனைடு மேட்டிலிருந்து தூசி பறக்கும். மூக்கு அடைத்தால் குழந்தையால் பால் உறிஞ்ச முடியாது. தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சலும் வலியும் இருக்கலாம். வளர்ச்சி வேகம் எடுக்கும் நாட்களில் பசி கூடும். அப்போது இரண்டு மூன்று நாட்கள் ஓயாமல் பால் கேட்கும். பிறகு தானே குறையும்.

சில வேளை குழந்தைக்கு எதுவும் வேண்டாம். அம்மாவின் சூடும் வாசனையும் மட்டும் வேண்டும். அதுவும் நியாயமான தேவைதான்.

"பால் பத்தலையா?"

ஒரு லைனில் உள்ள அங்கன்வாடியில் தாய்மார் கூடியிருக்கிறார்கள். நர்சம்மா வந்திருக்கிறார். ஒரு இளம் தாய் இரண்டு மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய மாமியார்.

மாமியார்: நர்சம்மா, ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை எழுந்து அழுவுது கொழந்தை. இவளுக்குப் பால் பத்தலை போல. ஒரு டப்பா பால் வாங்கிக் கலக்கிக் குடுத்துட்டா என்ன?

நர்சம்மா: பாட்டிம்மா, அவசரப்படாதீங்க. பால் பத்துதா இல்லையான்னு அழுகையை வெச்சுச் சொல்ல முடியாது. ஏம்மா, பாப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?

இளம் தாய்: எண்ணிப் பாக்கலை சிஸ்டர். ஏழெட்டுத் துணி நனையுது.

நர்சம்மா: ஆறு தடவைக்கு மேலே போனா பால் பத்துதுன்னு அர்த்தம். தாய் கார்டைக் குடு. பிறந்தப்போ 2 கிலோ 800 கிராம். ஒரு மாசத்துல 3 கிலோ 500 கிராம். இன்னிக்கு 4 கிலோ 200 கிராம். நல்லாத்தானே ஏறியிருக்கு?

மாமியார்: அப்போ ஏன் அழுவுது?

நர்சம்மா: பசிக்குது, அழுவுது. குடிக்குது, தூங்குது. உங்க பையன் கைக்கொழந்தையா இருந்தப்போ ராத்திரி எழவே இல்லையா பாட்டிம்மா?

மாமியார் (சிரித்துக்கொண்டு): எழாம என்ன? அவங்க அப்பா ராத்திரி ஷிப்ட்ல இருப்பாரு. இது இங்கே ஒரு ஷிப்ட் நடத்தும்.

நர்சம்மா சொன்னதை நினைவில் வையுங்கள். குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆன பிறகு, 24 மணி நேரத்தில் 6 முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது. முதல் சில நாட்களில் எடை சிறிது குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பி வர வேண்டும். பிறகு முதல் மூன்று மாதங்களில் மாதம் 500 கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும். எடை ஏறவில்லை என்றால், சிறுநீர் குறைந்தால், உடனே நர்சிடம் காட்டுங்கள். அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டப்பாவைப் படியுங்கள்

"டப்பா பால் கொடுத்தால் குழந்தை இரவு முழுதும் தூங்கும்" என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தூக்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது.

புட்டியை வைத்தால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்தால் இன்னும் ஒரு புட்டி வேண்டும். கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊறும். இறைப்பதை நிறுத்தினால் ஊற்று தூர்ந்துவிடும். பால் பத்தாத தாயை இப்படி நாமே உண்டாக்குகிறோம்.

புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் இது நடக்குமா? நள்ளிரவில் அடுப்பு மூட்ட முடியுமா? கழுவாத புட்டியால் வயிற்றுப்போக்கு வரும். பணச் செலவும் உண்டு. முழுக்க டப்பா பாலில் வளரும் குழந்தைக்கு ஒரு சிறிய டப்பா ஒரு வாரம்கூட வராது. காசை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் அதிகம் கலப்பார்கள். குழந்தை மெலியும்.

இந்திய அரசு 1992ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2003ஆம் ஆண்டு அதை இன்னும் கடுமையாக்கியது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவின் மேல் குழந்தைப் படம் போடக் கூடாது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று டப்பாவிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். விற்பவரே தாய்ப்பால்தான் சிறந்தது என்று எழுதி விற்க வேண்டியிருக்கிறது.

சில தாய்மாருக்கு நோய் காரணமாகப் பால் கொடுக்க முடியாமல் போகலாம். அப்போது டாக்டர் சொல்லும் முறையில் வேறு பால் கொடுக்கலாம். அதையும் பாலாடையில் கொடுங்கள். புட்டி வேண்டாம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். கோடையிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான்.

இரவுப் பாலின் பெருமை

பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஒன்று தாயின் உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் புரோலாக்டின். இது பகலைவிட இரவில் அதிகமாகச் சுரக்கும். இரவில் பால் கொடுத்தால்தான் மறுநாள் பகலிலும் பால் நிறைய இருக்கும்.

இரவுப் பாலில் இன்னொரு பொருளும் உண்டு. மெலடோனின் என்று பெயர். அது தூக்கத்துக்கு உதவும். பச்சைக் குழந்தையின் உடம்பு இதைத் தானே போதிய அளவு செய்துகொள்ளாது. தாய் தன் பாலில் கலந்து கொடுக்கிறாள்.

மூன்றாவது நன்மையும் இருக்கிறது. குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை. தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை. பகலிலும் இரவிலும் கொடுக்கிறாள். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அடுத்த கர்ப்பம் தள்ளிப்போகும். சரியாகக் கடைப்பிடித்தால் 100 பேரில் 98 பேருக்குப் பலன் தரும். இவற்றில் ஒன்று மாறினாலும் வேறு கருத்தடை முறையை நர்சிடம் கேட்க வேண்டும்.

இரவில் எப்படிக் கொடுப்பது?

குழந்தை வீறிட்டு அழும்வரை காத்திருக்க வேண்டாம். நெளியும். வாயைத் திறந்து தேடும். கையைச் சப்பும். அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். அழுது ஓய்ந்த குழந்தை சரியாகக் குடிக்காது.

பெரிய விளக்கைப் போடாதீர்கள். ஜீரோ வாட் பல்பு போதும். கொஞ்சிப் பேச வேண்டாம். விளையாட்டுக் காட்ட வேண்டாம். மலம் கழித்திருந்தால், துணி நன்றாக நனைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பகலில் இதற்கு மாறாகச் செய்யுங்கள். வெளிச்சத்தில் வையுங்கள். பேசுங்கள். பாடுங்கள். இப்படி இரவும் பகலும் குழந்தைக்கு மெல்ல மெல்லப் புரியும்.

குழந்தையின் வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் போதாது. காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். முகவாய் மார்பைத் தொட வேண்டும். இப்படிப் பிடித்தால் வலிக்காது. குழந்தைக்கும் வயிறு நிறையும். ஒரு பக்கம் குடித்து முடித்த பிறகு மறு பக்கம் கொடுங்கள். கடைசியில் வரும் பால் கெட்டியானது. அதில்தான் கொழுப்பு அதிகம். பாதியில் மாற்றினால் அது கிடைக்காது. குடித்த பிறகு தோளில் போட்டு முதுகைத் தடவிக் கொடுங்கள்.

ஒருக்களித்துப் படுத்தும் பால் கொடுக்கலாம். தலைப்பிரசவம் ஆனவர்கள் முதலில் நர்சிடமோ பெரியவர்களிடமோ கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தாயின் உடம்புக்கு அது ஓய்வு.

குழந்தையைத் தாயின் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாய் தட்டையாக இருக்க வேண்டும். தலையணையோ கனத்த போர்வையோ குழந்தையின் முகத்தருகே வேண்டாம். குடித்துவிட்டு வந்தவர் குழந்தையின் பக்கத்தில் படுக்கக் கூடாது. புகை பிடிப்பவரும் தள்ளிப் படுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி குழந்தையோடு தூங்கிவிடாதீர்கள். தூளியில் போட்டால் ஒருவர் கண் அதன்மேல் இருக்க வேண்டும். தலை நெஞ்சில் மடங்கினால் மூச்சு முட்டும். இரவு முழுதும் தூளியில் விட வேண்டாம்.

பகலில் அம்மா தூங்க வேண்டும்

குழந்தையை இரவில் எழாமல் செய்ய முடியாது. ஆனால் தாயைப் பகலில் தூங்க வைக்க முடியும். அது வீட்டில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது.

கணவர் என்ன செய்யலாம்? அவர் விடியற்காலை ரயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். மாரிகுப்பத்தில் ஏறிப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போவார். அவருக்கும் தூக்கம் தேவைதான். ஆனால் பால் கொடுப்பது தவிர மற்ற எல்லா வேலையும் ஆண் செய்யக்கூடிய வேலைதான். இரவு 10 மணிப் பாலுக்குப் பிறகு குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கலாம். அந்த நேரத்தில் மனைவி படுத்துவிடலாம். தண்ணீர் பிடித்து வைக்கலாம். தன் டிபனைத் தானே கட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மாமியார், அம்மா என்ன செய்யலாம்? காலைப் பால் முடிந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். "நீ போய்ப் படு" என்று சொல்லலாம். இந்த மூன்று வார்த்தைதான் எந்த லேகியத்தையும் விட நல்ல மருந்து. பெரியவர் சொன்னால்தான் இளம் தாய் கூச்சமில்லாமல் படுப்பாள். தானாகப் படுத்தால் "பகல்லயே தூங்குறா" என்று பேச்சு வரும் என்று பயப்படுவாள்.

மூத்த பிள்ளைகள் வாசலில் விளையாடலாம். பக்கத்து வீட்டார் டி.வி. சத்தத்தைக் குறைக்கலாம். வந்தவர்கள் குழந்தையைப் பார்க்க எழுப்ப வேண்டாம்.

தாய் என்ன செய்ய வேண்டும்? குழந்தை பகலில் தூங்கும்போது ஒரு முறையாவது கூடவே படுக்க வேண்டும். மீதி வேலை காத்திருக்கட்டும். வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பத்தியம் என்று சொல்லி வெறும் சோறும் மிளகு ரசமும் போதாது. கேழ்வரகு, பருப்பு, கீரை, முட்டை, பால் எல்லாம் சாப்பிடலாம். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். கர்நாடகத்தில் 2017 அக்டோபரில் மாத்ருபூர்ணா திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியில் சூடான மதியச் சாப்பாடு தரும் திட்டம் இது. உங்கள் அங்கன்வாடியில் கேளுங்கள். கேட்பது உரிமை.

வேலைக்குப் போகும் தாய்

தங்கவயலிலிருந்து பெண்களும் ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். போக வர வெகு நேரம் ஆகிறது. அம்மா பகல் முழுதும் வீட்டில் இல்லை. அப்போது குழந்தை என்ன செய்யும்? பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, இரவில் ஈடுகட்டும். அடிக்கடி எழுந்து குடிக்கும். "வேலைக்குப் போனதும் பிள்ளை கெட்டுப்போச்சு" என்று சொல்லாதீர்கள். குழந்தை தன் கணக்கை நேர் செய்கிறது.

கிளம்பும் முன் ஒரு முறை பால் கொடுங்கள். வந்ததும் முதல் வேலையாகக் கொடுங்கள். கையை நன்றாகக் கழுவி, சுத்தமான மூடி போட்ட கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். நிழலான குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம் வரை கெடாது. வீட்டில் இருப்பவர் பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ கொடுக்கலாம். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெந்நீரில் கிண்ணத்தை வைத்து எடுத்தால் போதும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு முறை இடைவேளையும் உண்டு. வேலையில் சேரும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை வேண்டாம்

குழந்தை தூங்க இருமல் மருந்து கொடுக்காதீர்கள். சாராயம், பிராந்தி நாக்கில் தடவாதீர்கள். உயிரே போய்விடும்.

வசம்பை ராத்திரியில் பேர் சொல்லாதது என்போம். பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வோம். பேர் நல்ல பேர்தான். ஆனால் உரைத்து உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கிரைப் வாட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் சளி இருந்தால் சுத்தமான மெல்லிய துணியைத் திரித்து மெதுவாகத் துடையுங்கள்.

மூன்றாம் மாதத்திலேயே கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் தூங்கும் என்பதும் தவறு. 6 மாதம் முடிந்த பிறகு கூழ், குழைந்த சோறு, பருப்பு கொடுங்கள். தாய்ப்பாலையும் தொடருங்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசியும். கோபம் தாங்கவில்லையா? குழந்தையைப் பாயில் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சற்று நில்லுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஒருவரை எழுப்புங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

வெறும் விழிப்பு நோய் அல்ல. ஆனால் கீழே உள்ளவை ஆபத்தின் அடையாளம்.

1. பால் குடிக்க மறுக்கிறது. அல்லது எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது.
2. உடம்பு கொதிக்கிறது. அல்லது சில்லிட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே காத்திருக்கக் கூடாது.
3. மூச்சு வேகமாக இருக்கிறது. இரண்டு மாதம் வரை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்.
4. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுகிறது.
5. வலிப்பு வருகிறது.
6. வயிற்றுப்போக்கு, வாந்தி நிற்கவில்லை. கண் குழி விழுந்திருக்கிறது. சிறுநீர் போகவில்லை.
7. அழுகை வழக்கம்போல் இல்லை. என்ன செய்தாலும் நிற்கவில்லை.

திருஷ்டி சுற்றிப் போடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் பிறகு. நடு இரவானாலும் 108க்குப் போன் செய்யுங்கள். பணம் வேண்டாம்.

பிரசவம் ஆன வீட்டுக்கு ஆஷா பணியாளர் வர வேண்டும். 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அவரிடம் இரவுத் தொல்லையைப் பற்றியும் கேளுங்கள்.

தாயின் மனம்

பிரசவமான முதல் சில நாட்களில் பல தாய்மாருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் அது போய்விடும். போகாமல் நீடித்தால் கவனிக்க வேண்டும். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இது கொழுப்பு அல்ல. திமிர் அல்ல. இது நோய். மருத்துவம் உண்டு. குணமாகும். அரசு 2022இல் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

அப்படிப்பட்ட தாயை இரவில் தனியாக விடாதீர்கள்.

எப்போது மாறும்?

மூன்று மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் இரவில் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கும். சில குழந்தைகள் ஒரு வயது வரையும் எழும். பல் முளைக்கும்போது எழும். தவழக் கற்கும்போது எழும். எட்டு ஒன்பது மாதத்தில் அம்மாவைக் காணோமே என்று எழும். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். எடை ஏறுகிறதா, சிரிக்கிறதா, விளையாடுகிறதா என்று பாருங்கள். இரவில் எழுவது மெல்ல மெல்லக் குறையும். அதுவரை வீட்டார் எல்லோரும் முறை போட்டு உதவினால் தாய் சோர்ந்துபோக மாட்டாள்.

பயிற்சி

சொற்களைப் படித்து எழுதுங்கள்: தாய்ப்பால், செரிமானம், எடை, சிறுநீர், பாலாடை, தடுப்பூசி, ஓய்வு, உரிமை.

விடை எழுதுங்கள்:
1. பால் போதுகிறது என்பதை எப்படி அறியலாம்? இரண்டு அடையாளம் எழுதுங்கள்.
2. பால் பவுடர் டப்பாவில் எதை அச்சிட வேண்டும்?
3. 108, 14416 ஆகிய எண்கள் எதற்கு? சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கணக்குப் போடுங்கள்:
1. பிறந்தபோது எடை 2 கிலோ 800 கிராம். ஒரு மாதத்தில் 3 கிலோ 500 கிராம். எவ்வளவு ஏறியது? அது போதுமா?
2. ஒரு தாய் இரவு 10.30 முதல் 12.30 வரை தூங்கினாள். பிறகு 1 முதல் 3 வரை. பிறகு 3.30 முதல் 5 வரை. மொத்தம் எத்தனை மணி நேரம்? பகலில் வீட்டார் 2 மணி நேரம் தூங்க விட்டால் மொத்தம் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்: உங்கள் வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதா? பகலில் அதன் தாய் எந்த நேரத்தில் தூங்கலாம்? அந்த நேரத்தில் குழந்தையை யார் வைத்திருப்பார்கள்? சோறு யார் ஆக்குவார்கள்? பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கணக்கு விடை: 1. 700 கிராம். போதும். 2. ஐந்தரை மணி நேரம். பகல் தூக்கத்தோடு ஏழரை மணி நேரம்.